பூவில் எதைக் காப்பது? வீட்டில் மலர் உலர்த்துவதன் அறிவியல்

பூவை எப்படி உலர்த்துவது என்று கேட்பவரிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பூவில் எதைக் காப்பாற்ற நினைக்கிறீர்கள்? பார்வைக்குப் பூ ஒரே பொருள்தான். ஆனால் வடிவம், நிறம், மணம், சாரம் என்று நான்கு செல்வங்கள் அதில் குடியிருக்கின்றன. நான்கையும் ஒருசேரக் காக்கும் முறை எதுவும் வீட்டில் இல்லை. வெயில் சாரத்தைக் காத்து நிறத்தை வெளுக்க வைக்கும். புத்தகம் நிறத்தைக் காத்து வடிவத்தைத் தட்டையாக்கும். மணல் வடிவத்தைத் தாங்கும், மணத்தைத் தாங்காது. பூ உலர்த்தி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் கைத்திறன் இல்லாமல் ஏமாந்தவர்கள் அல்லர். ஒன்றைக் காக்கும் முறையைக் கையாண்டுவிட்டு இன்னொன்றை எதிர்பார்த்தவர்கள்.

தமிழ் வீடுகளுக்கு இந்த வேலை பழக்கமானதுதான். பங்குனி, சித்திரையில் வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்து, உதிர்ந்த பூவைச் சேர்த்துக் காயவைத்து, ஆண்டு முழுவதும் ரசத்துக்கு வைத்துக்கொள்ளும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆவாரம்பூ, செம்பருத்தி, பன்னீர் ரோஜா, மகிழம்பூ எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த வடிவில் கிடைக்கின்றன. இவை சாரத்துக்காகவும் மணத்துக்காகவும் உலர்த்தப்பட்டவை. திருமண மாலையின் ரோஜாவையோ பிறந்தநாள் பூங்கொத்தையோ அதே உருவத்தில், அதே நிறத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அண்மைக்காலத்தில் பரவியது. முறங்களில் காயும் வேப்பம்பூவும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் ரோஜாவும் ஒரே இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கட்டுப்பட்டவைதான். அந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டால், எந்தப் பூவுக்கு எந்த முறை என்பதை யாரும் சொல்லாமலே நாம் தீர்மானிக்க முடியும்.

நீரும் நேரமும்

புதிதாகப் பறித்த இதழின் எடையில் 80 முதல் 90 விழுக்காடு வரை நீர்தான். மரக்கட்டையைப் போல் இதழுக்கு உறுதியான எலும்புக்கூடு கிடையாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நிரம்பி நிற்கும் நீரின் அழுத்தமே அதை விரித்து நிறுத்துகிறது. நீர் வெளியேறும்போது காற்றிறங்கிய பந்துபோல் செல் சுருங்குகிறது. வெளியேறும் நீர், மெல்லிய செல்சுவரையும் உள்நோக்கி இழுத்துக்கொண்டு போகிறது. இதழ் சுருண்டு மடிவதற்குக் காரணம் இதுவே.

வடிவம் குலையும் அதே நேரத்தில் உள்ளே இன்னொரு வேலை நடக்கிறது. உயிருள்ள செல்லில் நொதிகளும் பீனால் வகைச் சேர்மங்களும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. செல் இறக்கும்போது அந்த அறைச்சுவர்கள் உடைகின்றன. நொதியும் பீனாலும் கலக்கின்றன. ஆக்சிஜன் சேர்ந்தவுடன் பழுப்பு நிறம் உண்டாகிறது. இந்த வேதிவினையை நம் சமையலறை நன்றாக அறியும். வாழைப்பூவை நறுக்கியதும் கறுக்கிறதே, அதுதான் இது. நறுக்கியதை உடனே மோரில் போடுவது, மோரின் புளிப்பு அந்த நொதியின் வேகத்தைக் குறைப்பதால். உலர்த்தும்போது மோர் உதவாது. அங்கே நொதியை நிறுத்த ஒரே வழி, அது இயங்கத் தேவையான நீரை விரைவாக அகற்றிவிடுவது.

மூன்றாவது எதிரி பூஞ்சை. ஒரு பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீர் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும்படி இருக்கிறது என்பதே முக்கியம். உணவு அறிவியலார் இதை நீர்ச்செயல்பாடு என்ற அளவால் குறிப்பார்கள். தூய நீருக்கு அது 1. அந்த அளவு 0.6க்குக் கீழே போய்விட்டால் எந்த நுண்ணுயிரும் வளர முடியாது. இதில் வீட்டுக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. திறந்து வைத்த பூ, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தோடு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் பூவின் நீர்ச்செயல்பாடும் 0.75 அருகில்தான் நிற்கும். எத்தனை நாள் வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிழலில் உலர்த்திய பூ பூசணம் பிடிப்பது இதனால்தான். பூவில் குற்றமில்லை, அந்தக் காற்று அதற்குமேல் நீரை ஏற்காது.

இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டு தூத்துக்குடி. மழை குறைந்த, வெயிலும் காற்றும் மிகுந்த மாவட்டம் அது. கடல்நீரை உப்பாக்கும் அதே வானிலை, தாவரப் பொருள்களை உலர்த்தவும் உதவுகிறது. பக்கத்திலேயே துறைமுகமும் இருக்கிறது. இந்தியாவின் உலர்மலர் ஏற்றுமதியில் தூத்துக்குடிக்கும் கொல்கத்தாவுக்கும் முதன்மையான இடம் உண்டு. தாமரைக் காய், பருத்திக் காயின் ஓடு, பனைப் பொருள்கள், காய்ந்த விதையுறைகள், புல்கதிர்கள் எனப் பூவல்லாதவையும் அந்த வணிகத்தில் அடக்கம். அவற்றில் பல, உலர்த்தி, வெளுத்து, சாயமேற்றி அனுப்பப்படுகின்றன. வீட்டு உலர்த்தலுக்கும் தொழிற்சாலை உலர்த்தலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே தெரிகிறது: தொழில், இயற்கை நிறத்தைக் காப்பதை ஓரளவு கைவிட்டு, வடிவத்தை மட்டும் காத்து, நிறத்தைப் பின்னர் கொடுத்துக்கொள்கிறது.

வாடாமலே பிறந்தவை

சில பூக்கள் நமக்கு வேலையே வைப்பதில்லை. வாடாமல்லியில் நாம் பார்க்கும் ஊதாப் பந்து உண்மையில் இதழ்களால் ஆனதல்ல. பூவடிச் செதில்களால் ஆனது. உண்மையான பூக்கள் அவற்றின் இடுக்கில் சிறிதாக ஒளிந்திருக்கின்றன. செதில்கள் செடியில் இருக்கும்போதே காகிதம்போல் உலர்ந்தவை. இழக்க நீர் அதிகமில்லாததால் சுருங்கவும் வழியில்லை. ஆஸ்திரேலியாவின் வைக்கோல் பூவும், மத்தியதரைக் கடற்கரையின் ஸ்டாட்டிஸும் இதே வகை. ஸ்டாட்டிஸில் நிறம் தாங்கி நிற்பது புல்லிவட்டம்.

வாடாமல்லி, கோழிக்கொண்டை, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம், அமராந்தேசி. மார்கழிக் கடைசியில் வீட்டு நிலையில் செருகிய சிறுபீளைக் கொத்து மாதக்கணக்கில் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதன் பக்கத்தில் செருகிய ஆவாரம்பூ சில நாளில் சுருங்கிப்போகும். ஒரே காப்பில் கட்டிய இரண்டு பூக்கள், உடற்கட்டில் இரண்டு வேறு உலகங்கள். உலர்த்தப் பழகத் தொடங்குபவர் வாடாமல்லியிலும் கோழிக்கொண்டையிலும் தொடங்கட்டும். தண்டோடு வெட்டி, இலை நீக்கி, சிறு கொத்தாகக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டாலே போதும். தண்டு காயும்போது மெலிந்து நூற்கட்டு தளர்ந்துவிடும் என்பதால் ரப்பர் பேண்டு போடுவது நல்லது. தலைகீழாகத் தொங்கவிடுவதற்கும் காரணம் உண்டு: ஈரத் தண்டு பூவின் எடையைத் தாங்காமல் வளைந்துவிடும், வளைந்த நிலையிலேயே காய்ந்தால் பிறகு நிமிராது.

நிறத்தின் மூன்று குடும்பங்கள்

சிவப்பு ரோஜா காய்ந்ததும் கறுத்துப்போகிறது. துலுக்கச் சாமந்தி காய்ந்தும் மஞ்சளாகவே இருக்கிறது. மல்லிகை பழுப்பாகிவிடுகிறது. ஒரே வீட்டில், ஒரே முறத்தில் காய்ந்த பூக்களுக்கு ஏன் இந்த வேறுபாடு? விடை நிறமிகளில் இருக்கிறது.

துலுக்கச் சாமந்தியின் மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு வகை. இவை கொழுப்பில் கரைபவை. செல்லுக்குள் தனி உறுப்புகளில் அடைபட்டிருப்பவை. நீர் போவதால் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. இந்தப் பூவை உலர்த்தி அரைத்த பொடியையும் அதிலிருந்து எடுத்த சாற்றையும் கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். முட்டைக்கருவின் மஞ்சள் அதனால் ஆழமாகிறது. உலர்ந்த பிறகும் நிறமி செயலோடு இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரோஜா, செம்பருத்தி, சங்குப்பூ ஆகியவற்றின் சிவப்பும் நீலமும் அந்தோசயனின் வகை. இவை செல்லின் நீரில் கரைந்திருக்கின்றன. அந்த நீரின் அமில காரத் தன்மைக்கேற்ப நிறம் மாறுபவை. நீர் வற்றும்போது நிறமி செறிவாகிறது; ஆகவே சிவப்பு கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. நொதிகளும் ஒளியும் சேர்ந்துகொண்டால் கறுப்போ பழுப்போ மிஞ்சும். கருஞ்சிவப்பு ரோஜாவை விட இளஞ்சிவப்பு ரோஜாவை உலர்த்துவது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்: செறிவடைந்தாலும் அது அழகான சிவப்பாகவே நிற்கும். இந்தக் குடும்பத்தில் விதிவிலக்காக நிற்பது சங்குப்பூ. அதன் அந்தோசயனின் மூலக்கூறில் கூடுதல் கிளைகள் ஒட்டியிருந்து அதற்குக் கவசமாக இருக்கின்றன. எனவே உலர்ந்த சங்குப்பூ நீலமாகவே இருக்கும். வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும்.

மூன்றாவது குடும்பம் பீட்டாலெய்ன். வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ ஆகியவற்றின் பளீர் ஊதாவும் சிவப்பும் இது. பீட்ரூட்டின் நிறமும் இதுவே. அந்தோசயனினும் பீட்டாலெய்னும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை என்பது தாவர வேதியியலின் வியப்புகளில் ஒன்று. உலர்ந்த நிலையில், ஒளிபடாமல் வைத்தால், பீட்டாலெய்ன் நெடுநாள் நிற்கும்.

வெள்ளைப் பூவில் மறைக்க நிறமி இல்லை. நொதி உண்டாக்கும் பழுப்பு அப்படியே கண்ணுக்குத் தெரியும். மல்லிகையும் நந்தியாவட்டையும் உலர்ந்ததும் வெண்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண்.

நிழலில் உலர்த்த வேண்டும் என்ற பழைய அறிவுரையின் பொருள் இப்போது விளங்கும். வெயில் நீரை விரைவாக எடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் புற ஊதாக் கதிர் நிறமியை உடைக்கிறது. நிறம் வேண்டுமானால் இருட்டும் காற்றோட்டமும் வேண்டும். வேப்பம்பூவுக்கு நிறம் பொருட்டல்ல. அது மொட்டை மாடி வெயிலில் காயலாம்.

வடிவத்தைத் தாங்குவது

பூவை எப்போது பறிப்பது என்பதிலிருந்தே வடிவப் பாதுகாப்பு தொடங்குகிறது. பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன், காலை வேளையில் பறிக்க வேண்டும். முழுக்க மலர்ந்த பூ வேண்டாம். முதிர்ந்த பூவில் இதழின் அடியில் உதிர்வதற்கான அடுக்கு ஏற்கெனவே உருவாகியிருக்கும். காயும்போது இதழ் கொட்டிவிடும். பாதி, முக்கால் மலர்ந்தவை தேவலை.

பூவைப் புத்தகத்தில் அழுத்தித் தட்டையாக்குவதில் முக்கியமானது தாள். வழவழப்பான வார இதழ்த் தாள் நீரை உறிஞ்சாது. செய்தித்தாளோ மைஒற்றுத் தாளோ உறிஞ்சும். பலர் பூவைப் புத்தகத்தில் வைத்து மூடிவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறக்கிறார்கள். பழுப்புக் கறையைக் காண்கிறார்கள். உறிஞ்சிய ஈரம் அந்தத் தாளிலேயே தங்கி நொதிகளுக்கு நேரம் கொடுத்ததன் விளைவு அது. முதல் சில நாள்கள் தினமும் தாளை மாற்ற வேண்டும். தாவரவியலாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சூலகம் தடித்த பூவாக இருந்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோ, இதழ்களைத் தனித்தனியே பிரித்தோ அழுத்த வேண்டும். மெல்லிய, ஓரடுக்குப் பூக்களே இம்முறைக்கு ஏற்றவை. சங்குப்பூவும் காகிதப்பூவும் அழகாக வரும்.

பருமனான உருவம் வேண்டுமென்றால் பூவைப் புதைத்து உலர்த்த வேண்டும். நீர் போகும்போது செல்சுவர் உள்ளே சரியாமல் வெளியிலிருந்து எல்லாப் பக்கமும் தாங்குவதே இதன் தத்துவம். பழைய முறை மணல். ஆற்றுமணலைப் பலமுறை கழுவி, காயவைத்து, சலித்து எடுக்க வேண்டும். கடல்மணல் என்றால் உப்பு முழுவதும் போகக் கழுவ வேண்டும், உப்பு ஈரத்தை இழுக்கும். பூவை நிமிர்த்தி வைத்து, மணலை மேலிருந்து கொட்டாமல் பக்கங்களிலிருந்து மெல்ல நிரப்ப வேண்டும். மணல் நீரை உறிஞ்சாது. அதன் இடுக்குகள் வழியே நீராவி வெளியேற இடம் கொடுக்கும். ஆகவே பாத்திரத்தை மூடக் கூடாது. ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும்.

சிலிக்கா ஜெல் இந்த வேலையைச் சில நாள்களில் முடித்துவிடுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் பேட்ரிக் 1919இல் இதன் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த இந்தக் குருணை, ஈரக் காற்றில் தன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு வரை நீரைப் பிடித்துக்கொள்ளக்கூடியது. மணலுக்கு நேர்மாறாக, இதை இறுக மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூவின் நீரோடு அறையின் நீரையும் உறிஞ்சித் தீர்ந்துபோகும். பூவின் தடிப்பைப் பொறுத்து மூன்று முதல் ஏழு நாள். அதற்குமேல் விட்டால் இதழ் நொறுங்கும். நனைந்த ஜெல்லை 120 டிகிரி செல்சியஸ் அளவில் ஓவனில் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். ஈரமானதைக் காட்டும் நீலநிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும். அது நச்சு என்பதால் ஆரஞ்சு நிறக் குறிகாட்டி உள்ளதையோ நிறமற்றதையோ வாங்குவது நல்லது. நுண்ணிய தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ள வேண்டும். மணலிலும் ஜெல்லிலும் உலர்த்திய பூ பார்ப்பதற்கு மட்டுமே. தேநீருக்கும் ரசத்துக்கும் ஆகாது.

மணம்: போவதும் பிறப்பதும்

மல்லிகையை உலர்த்தி மணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று முயன்ற எல்லோரும் தோற்றிருப்பார்கள். தோல்வி அந்தப் பூவின் இயல்பிலேயே இருக்கிறது. மல்லிகை தன் மணத்தைச் சேமித்து வைப்பதில்லை. பறித்த பிறகும் உயிரோடிருந்து, மாலையில் மலரும்போது, புதிதுபுதிதாக மணப்பொருளை உண்டாக்கிக் காற்றில் விடுகிறது. உலர்த்தினால் பூ இறக்கிறது, உற்பத்தி நிற்கிறது. இதனால்தான் பிரான்சின் கிராஸ் நகர வாசனைத் தொழிலாளர்கள் மல்லிகையைக் கொழுப்புப் பூசிய தட்டில் பரப்பி, உயிரோடிருக்கும் பூ விடும் மணத்தைக் கொழுப்பில் பிடித்தார்கள். சீனத்தின் ஃபூஜோ நகரில் தேயிலையோடு மல்லிகை மொட்டுகளைக் கலந்து ஓரிரவு வைக்கிறார்கள். மொட்டு மலர, மணத்தைத் தேயிலை வாங்கிக்கொள்கிறது. பிறகு பூவை அகற்றிவிட்டுப் புதுமொட்டுகளோடு மீண்டும் கலக்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் பூவைக் காக்க முனையவில்லை; மணத்தை வேறொரு பொருளுக்கு இடம் மாற்றினார்கள். மதுரை மல்லியை நேசிக்கும் வீடு ஒன்று நல்லெண்ணெயிலோ தேயிலையிலோ இதைச் செய்து பார்க்கலாம்.

மகிழம்பூ இதற்கு எதிர். காய்ந்து நிறம் மங்கிச் சுருங்கிய பிறகும் மணம் நெடுநாள் நிற்கும். துணிப்பெட்டியில் அதைப் போட்டுவைத்த பாட்டிமார்களின் தேர்வு மிகச் சரியானது. பன்னீர் ரோஜாவின் மணத்தில் ஒரு பகுதி எளிதில் ஆவியாகாத சேர்மம். அதனால் நிழலில் உலர்ந்த இதழிலும் மணம் ஓரளவு தங்குகிறது.

உலர்த்தல் என்றாலே இழப்பு என்ற எண்ணத்தைத் திருத்துகிறது குங்குமப்பூ. புதிதாகப் பறித்த அதன் சூல்முடியில் நாம் அறிந்த அந்த மணம் மிகக் குறைவு. உலர்த்தும் வெப்பத்தில் பிக்ரோகுரோசின் என்னும் கசப்புப் பொருள் உடைந்து சாஃப்ரனால் உருவாகிறது. குங்குமப்பூ மணம் என்று நாம் சொல்வது உலர்த்தலில் பிறந்தது. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். காஷ்மீரத்துப் பாம்பூரில் அந்த உழைப்பின் மதிப்பு, உலர்த்தும் வேலையைச் சரியாகச் செய்வதில் அடங்கியிருக்கிறது.

நம் அஞ்சறைப் பெட்டியிலும் உலர்ந்த பூ ஒன்று எப்போதும் இருக்கிறது. கிராம்பு, மலராத மொட்டு. குமரி மாவட்ட மலைத் தோட்டங்களிலும் விளையும் அது, சில நாள் வெயிலில் எடையில் மூன்றில் இரண்டு பங்கை இழந்து கறுக்கிறது. ஆனாலும் மணத்தை இழப்பதில்லை. யூஜினால் நிறைந்த எண்ணெய், மொட்டின் சதைக்குள் சுரப்பிகளில் பூட்டியிருக்கிறது. மணத்தை வெளிவிடும் பூ, மணத்தைச் சேமிக்கும் பூ என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால், எதை உலர்த்துவது என்பது தானாகத் தெளிவாகும்.

சாரத்தைக் காப்பது

வேப்பம்பூ மிகச் சிறியது, மெல்லியது. ஒரு நல்ல வெயில் நாளில் நீர் போய்விடும். அதன் கசப்புக் கூறுகள் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே உலர்ந்ததை நெய்யில் வறுத்தாலும் கசப்பு நிற்கிறது. ஆவாரம்பூவும் வெயிலுக்கு ஏற்றது. செம்பருத்தியில் நீரும் வழவழப்பும் அதிகம். இதழ்களைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல், நிழலில் பரப்பி, நாளுக்கு இருமுறை புரட்ட வேண்டும். கையில் நசுக்கினால் சரசரவென்று பொடியாவதே முடிந்ததற்கு அடையாளம். வளைந்தால் இன்னும் நீர் இருக்கிறது.

குல்கந்து இன்னொரு நுட்பம். பன்னீர் ரோஜா இதழையும் சர்க்கரையையும் அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குப்பியில் இட்டு வெயிலில் வைக்கிறோம். பொருள் ஈரமாகவே இருக்கிறது, ஆனால் கெடுவதில்லை. சர்க்கரை அந்த நீரைத் தன்னோடு கட்டிவைத்து நுண்ணுயிருக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது. மேலே சொன்ன நீர்ச்செயல்பாடு இங்கே காயவைக்காமலே குறைகிறது.

எச்சரிக்கை ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பூச்சந்தையில் மாலைக்காக விற்கும் பூவில் பூச்சிமருந்து தெளித்திருக்க வாய்ப்பு அதிகம். உலர்த்தினால் மருந்து போகாது. எடை குறைவதால் செறிவு கூடும். உண்ணும் பூ வீட்டுச் செடியிலிருந்தோ, மருந்தடிக்காதது என்று உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்தோ வர வேண்டும். அரளியின் நஞ்சும் செங்காந்தளின் நஞ்சும் உலர்ந்த பிறகும் அப்படியே இருக்கும். அலங்காரத்துக்கு உலர்த்தும் பூவையும் சமையலுக்கு உலர்த்தும் பூவையும் ஒரே முறத்தில், ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது.

உலர்ந்த பின்

உலர்ந்த பூவுக்கு மூன்று பகைகள் தொடர்கின்றன. முதலாவது ஈரம்: மழைக்காலத்தில் அது மீண்டும் நீரை வாங்கிக்கொள்ளும். இறுக மூடும் குப்பி, உள்ளே சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம், இரண்டும் தேவை. இரண்டாவது ஒளி: சன்னலோரத்தில் வைத்த பூச்சட்டகம் வெளிறிப்போகும். மூன்றாவது வண்டு. சிகரெட் வண்டு என்று பெயர்பெற்ற சிறு பழுப்பு வண்டு புகையிலை, மல்லித்தூள், உலர்பூ எதையும் விடாது. அருங்காட்சியகங்கள் இதற்குக் கடுங்குளிரைக் கையாள்கின்றன. வீட்டிலும் பூவை நெகிழிப்பையில் காற்றுப்புகாமல் கட்டி உறைவிப்பானில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் அழியும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். உடனே பிரித்தால் பூவின் மேல் நீர் படியும்.

இவற்றைக் கவனித்தால் எவ்வளவு காலம் நிற்கும்? அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பள்ளிப் பருவத்தில் தொகுத்த ஏட்டில் 424 செடிகள் இருக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் அது இன்றும் பாதுகாப்பாக உள்ளது. இத்தாலியத் தாவரவியலாளர் செசால்பினோ 1563இல் தொகுத்த உலர்செடிகள் ஃபுளோரன்ஸ் நகரில் இருக்கின்றன. அவருடைய ஆசான் லூக்கா கினி தாளில் செடியை அழுத்தி ஒட்டும் வழக்கத்தைப் பரப்பியவர். காகிதமும் அழுத்தமும் காய்ந்த காற்றும் நான்கரை நூற்றாண்டைத் தாங்கியிருக்கின்றன.

ஐந்தாவது செல்வம்

உலர்தாவரகங்கள் எனப்படும் அந்தச் சேகரங்களைப் பார்த்தால், பூவில் காக்கத்தக்க ஐந்தாவது பொருள் ஒன்று இருப்பது தெரிகிறது: செய்தி. தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவரைச் சுற்றி உருவான தாவர ஆர்வலர் வட்டத்தில், 1776இல் அங்கு வந்த ராட்லர் முக்கியமானவர். தமிழ் ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர்தான். நம் கடற்கரையிலும் வயல்வரப்பிலும் அவர் அழுத்தி உலர்த்திய செடிகள் இன்று லண்டன் கியூ தோட்டத்தின் உலர்தாவரகத்தில் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. திருச்சி புனித வளனார் கல்லூரியில் பாதிரியார் கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகமும், கோவையில் உள்ள மெட்ராஸ் உலர்தாவரகமும் இதே பணியை நம் மண்ணில் தொடர்கின்றன. அங்குள்ள தாள்களில் நிறம் பெரும்பாலும் போய்விட்டது, மணம் இல்லை, வடிவம் தட்டை. ஆனாலும் அவை விலைமதிப்பற்றவை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு இருக்கிறது: பெயர், இடம், நாள், பறித்தவர்.

அந்தச் சீட்டு என்ன செய்யும் என்பதை பாஸ்டன் நகரில் காட்டினார்கள். ரிச்சர்டு பிரைமாக் குழுவினர் ஆர்னால்டு தாவரத் தோட்டத்தின் உலர்செடிகளில் பூத்த நாள்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 1900 முதல் 1920 வரையிலான காலத்தைவிட 1980 முதல் 2002 வரையிலான காலத்தில் செடிகள் சராசரியாக எட்டு நாள் முன்னதாகவே பூத்திருந்தன. வெப்பம் கூடியதன் நேரடிச் சாட்சியை, யாரோ எப்போதோ உலர்த்திய பூக்கள் தந்தன. சீட்டே இல்லாத பூவும் சில வேளை பேசும்: எகிப்திய மன்னர் துட்டன்காமன் கல்லறையின் மலர்களை ஆராய்ந்த பெர்சி நியூபெரி, அவை பூக்கும் பருவத்தை வைத்து மன்னரின் அடக்கம் மார்ச், ஏப்ரல் வாக்கில் நடந்திருக்க வேண்டும் என்று கணித்தார். சிலிக்கா ஜெல்லையும் அறிவியல் இந்தச் செய்திக்காகவே பயன்படுத்துகிறது. இலையை அதில் விரைவாக உலர்த்தினால் டிஎன்ஏ சிதையாமல் நிற்கும் என்று சேஸ், ஹில்ஸ் இருவரும் 1991இல் எழுதினார்கள். நொதிக்கு நேரம் கொடுக்காதே என்ற, ரோஜா இதழுக்குச் சொன்ன அதே விதிதான்.

எனவே வீட்டில் பூ உலர்த்தும் ஒவ்வொருவரிடமும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. எந்த முறையையும் கையாளுங்கள். எதைக் காக்க விரும்புகிறீர்களோ அதைக் காத்துக்கொள்ளுங்கள். ஆனால் டப்பாவின் மூடியிலோ சட்டகத்தின் பின்புறத்திலோ பூவின் பெயர், பறித்த ஊர், பறித்த தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். வேப்பமரம் இந்த ஆண்டு எந்த வாரத்தில் பூ உதிர்த்தது என்பதை ஒரு தெருவில் பத்து வீடுகள் தொடர்ந்து குறித்துவைத்தால், முப்பது ஆண்டு கழித்து நம் ஊரின் பருவம் எப்படி நகர்ந்தது என்று கேட்பவருக்கு விடை இருக்கும். நிறமும் மணமும் என்றாவது மங்கும். சரியாக எழுதிய தேதிக்குக் காலம் கூடக்கூட மதிப்புக் கூடும். அதைக் காக்க ஒரு பென்சிலும் ஒரு நிமிடமும் போதும்.